புதுப்பிப்பு: ரப்பர் தரையில் பிசுபிசுப்பும் வெள்ளைப் படலமும் போய்விட்டன

நுழைவுக் கூடத்தின் குமிழ் வைத்த கருப்பு ரப்பர் தரை, துடைத்த பிறகும் பிசுபிசுக்கிறது, வெள்ளைப் படலமும் தெரிகிறது, என்ன காரணம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

அலசாமல் விட்ட சோப்பின் மிச்சம்தான் காரணம் என்றவர் சொன்னதே சரி. நடுநிலை பிஎச் (அமிலமும் காரமும் இல்லாத) தரை கழுவும் திரவத்தைத் தண்ணீரில் அளவாகக் கலந்து ஊறவிட்டு, காய்வதற்குள் தேய்த்தோம். தேய்க்கும் தட்டையான பேட் குமிழ்களின் தலையை மட்டுமே தொட்டது. உருளை பிரஷ் போட்டதும்தான் இடுக்குகளிலிருந்து சாம்பல் நிறக் கசடு கிளம்பியது. அதை ஈர வாக்குவம் (தண்ணீரையும் உறிஞ்சும் வாக்குவம் கிளீனர்) கொண்டு உறிஞ்சி எடுங்கள். மாப்பால் தள்ளினால் திரும்ப அதே இடுக்கில்தான் உட்காரும்.

எதிர்பாராத விஷயம்: அப்புறம் வெறும் தண்ணீரில் அலசும்போதும் நுரை வந்தது! அது நிற்கும்வரை அலசினோம்.

தின்னர் (பெயிண்டைக் கரைக்கும் திரவம்) போட்டுத் துடைக்கும் யோசனையை விட்டுவிட்டேன்; அது ரப்பரை உப்பி இளகச் செய்யும்.