வெளிமாநிலச் சம்பந்தி வரும் கல்யாணத்தில் பந்தி முறை: எதை விடலாம், எதை விடக்கூடாது?

காவிரிக்கரை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்குக் கொல்கத்தாவைச் சேர்ந்த வங்காளிக் குடும்பத்தில் பெண் நிச்சயமாகியிருக்கிறது. கல்யாணம் கும்பகோணத்தில் நடைபெறுகிறது. முகூர்த்தச் சாப்பாடு முழுக்கச் சைவம், வாழையிலையில் பரிமாறுவது என்று முடிவாகிவிட்டது. எந்தப் பதார்த்தத்தை முதலில் வைப்பது, எதை இறுதியில் தருவது என்பதில் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. ஒருவர் சாஸ்திரம் என்கிறார், மற்றொருவர் அது வெறும் ஊர் வழக்கம் என்கிறார். மேலும், சம்பந்தி வீட்டார் மீன் உண்பவர்கள் என்பதால் அவர்களுக்குத் தனிப் பந்தி போட்டுவிடலாம் என்று மூத்த உறவினர் ஒருவர் வற்புறுத்துகிறார். எது உண்மையிலேயே கைவிடக்கூடாத முறை, எதை வருபவர்களின் வசதிக்காக மாற்றிக்கொள்ளலாம் என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

பந்திவிசாரிப்பு எழுதியது:

இலையின் நுனி உண்பவரின் இடக்கைப் பக்கம் இருக்கவேண்டும் என்பதைத் தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் மாற்றமாட்டார்கள். அதற்குக் காரணமும் வெளிப்படையானது: குறுகலான நுனிப்பக்கத்தில் உப்பும் ஊறுகாயும் போலத் தொட்டுக்கொள்ளும் அளவே வேண்டியவை இடம்பெறும், அகன்ற வலப்பக்கம் கை அடிக்கடி போய்வரும் இடம்.

மற்றவையெல்லாம் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறுபவை. உங்கள் தஞ்சைப் பக்கத்தில் பல வீடுகளில் இலையின் வலக்கோடியில் சிறிது பாயசம் விட்ட பிறகே பச்சடி, கூட்டு, பொரியல் என்று வைத்துக்கொண்டு போவார்கள். சாதமும் பருப்பும் வந்து, நெய் விழும்வரை யாரும் இலையில் கைவைக்கமாட்டார்கள். அதன்பின் குழம்பு, ரசம், பாயசம், மோர் என்று செல்லும். திருநெல்வேலியில் மறுவீட்டுச் சாப்பாடு என்றால் தேங்காய்ப்பாலில் செய்த சொதி இல்லாமல் முடியாது. கேரளத்தில் பிரதமன் என்னும் பாயசத்தை உண்ட பிறகும் மோருக்குச் சாதம் கேட்பார்கள். திருவனந்தபுரம் பக்கத்தில் பாயசத்தை இலையிலேயே ஊற்றிப் போளியோடு பிசைந்து உண்பார்கள். ஆந்திரத்தில் முதல் கவளமே பொடியும் நெய்யுமாகவோ பருப்பும் நெய்யுமாகவோ இருக்கும். ஆகவே, வரிசையை ஓரிடத்தில் மாற்றினால் குற்றமாகிவிடும் என்று யாரேனும் சொன்னால், எந்த ஊர் வரிசையை என்று திருப்பிக் கேளுங்கள்.

நான் அஞ்சுவது வரிசையைப் பற்றியன்று, வேகத்தைப் பற்றி. அடுத்த பந்திக்காரர்கள் நாற்காலியின் பின்னால் வந்து நிற்கத் தொடங்கியதும், குழம்புச் சாதம் பாதிகூடத் தீராத இலையில் ரச வாளி வந்துவிடுகிறது. சாதத்தைக் குவித்து நடுவில் குழித்து ரசத்தை வாங்கிக்கொள்ளும் பழக்கம் நமக்கு உண்டு. புதிதாக வருபவர் அப்படிச் செய்யாமல் பார்த்துக்கொண்டிருக்க, ரசம் இலையின் நரம்பு வழியே ஓடி அவருடைய பட்டுப்புடவையில் வந்து விழும். பரிமாறுபவர்களிடம், சம்பந்தி வீட்டார் அமரும் வரிசையில் மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் “வேண்டுமா” என்று கேட்டுவிட்டு ஊற்றும்படி முன்கூட்டியே சொல்லிவையுங்கள். வேண்டாம் என்றால் இலைக்கு மேலே உள்ளங்கையை விரித்துக் காட்டினால் போதும் என்பதையும் விருந்தினருக்கு யாராவது ஒருவர் சொல்லிவிடவேண்டும். இல்லாவிட்டால் “போதும் போதும்” என்பதையே உபசாரமாக எடுத்துக்கொண்டு மேலும் ஒரு கரண்டி வைப்பவர்கள் நம்மில் ஏராளம்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

சாஸ்திரம் என்று பேச்சு வந்துவிட்டதால் நூல்களில் உள்ளதைச் சொல்கிறேன். பழைய தமிழ் ஒழுக்க நூலான ஆசாரக்கோவை, இனிப்பானவற்றை முதலிலும் கசப்பானவற்றை இறுதியிலும் ஏனையவற்றை இடையிலும் உண்ணவேண்டும் என்கிறது. பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சம்ஹிதையும் இனிப்பு முதலில், புளிப்பும் உப்பும் இடையில், மற்றச் சுவைகள் பின்னர் என்றுதான் வகுக்கிறது. இலைக்கோடியில் முதலில் விழும் அந்தப் பாயசம் இந்த விதியோடு பொருந்தி நிற்கிறது. ஆனால் இதே விதியைக் கடைசிவரை பிடித்துக்கொண்டு போனால், புளித்த மோரில் முடிக்கும் நம் அனைவருடைய சாப்பாடும் விதிக்குப் புறம்பானதாகிவிடும். பெரியவர்கள் இதற்குச் சம்மதிப்பார்களா என்று தெரியவில்லை!

உருளைக்கிழங்குப் பொரியலும் தக்காளி ரசமும் மிளகாய் வறுத்து அரைத்த குழம்பும் பரம்பரை விருந்து என்று நாம் நம்புகிறோம். இவை மூன்றுமே அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். 1498இல் போர்த்துகீசியர் கோழிக்கோட்டுக்கு வந்த பிறகே இங்கே பரவின. அதற்குமுன் காரத்துக்கு மிளகுதான். இன்றும் பல வீடுகளில் சிராத்தச் சமையலில் மிளகாய்க்குப் பதிலாக மிளகு சேர்ப்பதும் கோஸ், உருளை, தக்காளி ஆகியவற்றை விலக்கி வாழைக்காயையும் பாகற்காயையும் வைத்துக்கொள்வதும் அந்தப் பழைய அடுப்பங்கரையின் எச்சமே.

கைவிடக்கூடாத ஒன்றைக் கேட்டீர்கள் அல்லவா? அதே ஆசாரக்கோவையில் இருக்கிறது: தம்மினும் பெரியவர்களோடு உண்ணும்போது அவர்களுக்கு முன்னால் உண்ணத் தொடங்கவும் கூடாது, அவர்களுக்கு முன்னால் எழவும் கூடாது. பந்தியில் இது எல்லோருக்கும் விளங்கும். எந்த மாநிலத்தவருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையிராது.

ஹூக்ளிக்கரைத் தமிழச்சி எழுதியது:

கொல்கத்தாவில் குடியிருப்பவள் என்ற முறையில் சம்பந்தி வீட்டாரின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்லலாம். அவர்களுடைய மதியச் சாப்பாடு கசப்பில்தான் தொடங்கும். பாகற்காயோடு முருங்கை, வாழைக்காய், கத்தரிக்காய் முதலியவற்றைச் சேர்த்துச் செய்யும் சுக்தோ முதலில் வரும்; இதை இரவில் உண்ணமாட்டார்கள். பிறகு பருப்பும் வறுவலும், அதன்பின் மீன், பிறகு இனிப்பான சட்னியும் அப்பளமும், எல்லாவற்றுக்கும் இறுதியில் மிஷ்டி தொய் என்னும் இனிப்புத் தயிர் அல்லது வேறு இனிப்பு. மேலே ஐயா காட்டிய விதிக்கு இது நேர் தலைகீழ். ஆனாலும் அவர்களும் தங்கள் முறைக்கு வயிற்று நலத்தையே காரணமாகக் கூறுவார்கள்.

இதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. அவர்கள் ஒவ்வொரு பதார்த்தத்தையும் சிறிது சோற்றோடு தனியாக உண்டு முடித்துவிட்டே அடுத்ததைத் தொடுவார்கள். நாமோ எல்லாவற்றையும் இலையில் வைத்துவிட்டுச் சோற்றை அப்புறம் கொண்டுவருகிறோம். கூட்டையும் பொரியலையும் சாதம் வருவதற்குள் அவர்கள் உண்டு தீர்த்துவிட்டால், அது பசியன்று, பழக்கம். பரிமாறுபவர் முகம் சுளிக்காமல் மறுபடி வைக்கட்டும்.

முதலில் விழும் பாயசத்தை எப்படி விளக்குவது என்று கவலைப்படவேண்டாம். வங்காளத்தில் குழந்தைக்கு முதல் சோறூட்டும் நாளிலும் பிறந்தநாளிலும் பாயேஷ் கட்டாயம் உண்டு. மங்கலத்துக்காக என்று ஒரு சொல் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். வாழையிலையும் அவர்களுக்குப் புதிதன்று. இலையின் ஓரத்தில் உப்பும் எலுமிச்சைத் துண்டும் வைக்கச் சொல்லுங்கள், தங்கள் வீட்டு விருந்தைப் போலவே உணர்வார்கள். மீனைப் பற்றியும் தயங்கவேண்டாம்: மருமகள் புகுந்த வீட்டாருக்குத் தன் கையால் நெய்யும் சோறும் பரிமாறும் பௌபாத் என்ற சடங்கு திருமணத்துக்குப் பிறகு உண்டு, அவர்கள் விரும்பும் உணவுக்கு அன்று தனியாக ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

காவிரிக்கரை எழுதியது:

மூவருக்கும் நன்றி. பரிமாறும் வரிசை பற்றிய சிக்கல் தீர்ந்துவிட்டது. தனிப் பந்தியைப் பற்றித்தான் இன்னும் முடிவெடுக்கமுடியவில்லை. “மரியாதைக்காகத்தானே சொல்கிறேன்” என்கிறார் அந்த உறவினர்.

சமபந்தி எழுதியது:

மரியாதைக்காக என்றால், முதல் பந்தியில் நடு வரிசையில் உட்காரவைத்து, நீங்களும் உங்கள் மனைவியும் பக்கத்தில் நின்று கவனியுங்கள். மரியாதை அதில் இருக்கிறது. மீன் உண்பவர்கள் என்பதற்காகச் சைவச் சாப்பாட்டையே வேறு இடத்தில் உட்கார்ந்து உண்ணச் சொல்வதற்கு மரியாதை என்று பெயரிட்டாலும், உட்காருபவர் காரணத்தை ஊகித்துவிடுவார்.

தனிப் பந்தி என்பது நம் ஊரில் வெறும் இடவசதிச் செய்தியாக ஒருநாளும் இருந்ததில்லை. 1917இல் கொச்சிக்கு அருகே செறாயியில் சமூகச் சீர்திருத்தவாதி சகோதரன் ஐயப்பன் வெவ்வேறு சாதியாரை ஒன்றாக உட்காரவைத்து நடத்திய மிசிரபோஜனத்துக்காகச் சொந்தச் சமூகத்தாரிடமே எதிர்ப்பைச் சம்பாதித்தார். 1920களில் வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர் இருவருக்குத் தனியாக உணவிட்டது தமிழ்நாட்டுக் காங்கிரசையே உலுக்கியது. சுதந்திர தினத்தன்றும் அண்ணா நினைவு நாளன்றும் கோயில்களில் அரசு நடத்தும் சமபந்தி விருந்துக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்பதை உங்கள் உறவினர் அறியாதவராக இருக்கமாட்டார். வடக்கே சீக்கியர்களின் மூன்றாம் குரு அமர்தாஸ், தம்மைக் காண வருபவர்கள் முதலில் லங்கர் என்னும் பொது உணவுக்கூடத்தில் வரிசையாக அமர்ந்து உண்ணவேண்டும் என்று வைத்ததும் இதே எண்ணத்தில்தான். காஷ்மீரத்தின் வாஸ்வான் விருந்தில் ஒரே திராமித் தட்டைச் சுற்றி நால்வர் அமர்கிறார்கள். சேர்ந்து உண்பவர்கள் உறவாகிறார்கள் என்ற நம்பிக்கை இத்தனை இடங்களில் இருக்க, சம்பந்தம் செய்துகொள்ளும் நாளிலேயே சம்பந்தியைப் பிரித்து உட்காரவைப்பது பொருந்தாது. உறவினரிடம் நீங்கள் வாதாடவேண்டாம். அவரையே அந்த வரிசைக்குப் பந்தி விசாரிக்கும் பொறுப்பில் நிறுத்துங்கள்.

பந்திவிசாரிப்பு மீண்டும் எழுதியது:

நல்ல யோசனை. இன்னும் சில சில்லறைச் செய்திகளைச் சேர்த்துவிடுகிறேன். உண்டு முடித்ததும் இலையின் மேல்பாதியைத் தம் பக்கமாக மடிப்பது நம் வழக்கம்; எதிர்ப்பக்கம் மடிப்பது துக்க வீட்டுக்கு உரியது என்று கருதுவார்கள். விருந்தினர் யாராவது மாற்றி மடித்துவிட்டால், இலை எடுப்பவர் பேசாமல் எடுத்துப்போகட்டும், அதை ஒரு சகுனமாக்கவேண்டாம். சமையல் காண்ட்ராக்டர் மேசைமேல் விரிப்பதற்கு பிளாஸ்டிக் சுருளைக் கொண்டுவந்தால் ஏற்றுக்கொள்ளாதீர்கள்; 2019 ஜனவரி 1 முதல் அது தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்ட பொருள்களில் ஒன்று. காகிதச் சுருள் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.