பனி ஏரிக் கூடாரத்தை நம்ம ஏரிக்கரைக்கு ஏற்றபடி வீட்டிலேயே செய்யலாமா?

காட்பாடி_தக்கை:
வணக்கம். ஞாயிறு வந்தால் நானும் நைனாவும் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் தூண்டிலோடு ஏரிக்குப் போய்விடுவோம். கிடைப்பது ஜிலேபி, கெண்டை, யோகம் இருந்தால் ஒரு விரால். (குத்தகைக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் தூண்டில் போடுகிறோம், அதைப் பற்றி யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.) நைனாவுக்கு 67 வயது. போன சித்திரையில் ஒருநாள் பதினோரு மணி வாக்கில் கண்ணை இருட்டுகிறது என்று கரையிலேயே உட்கார்ந்துவிட்டார், எனக்கு உயிரே போய்விட்டது. குடை பிடி என்றால், ஒரு கையில் குடை ஒரு கையில் தூண்டில், தக்கை முங்கும்போது எதை விடுவது என்கிறார். நிழலுக்கு இருப்பது சீமைக்கருவேல்தான், அதன் கீழே உட்கார்ந்தால் முள்.

அமெரிக்காவில் உறைந்த ஏரிமேல் ஓட்டை போட்டு மீன் பிடிக்கிற வீடியோ பார்த்தேன். ஒருத்தர் பிவிசி பைப்பில் வீட்டிலேயே செய்த கூடாரத்தைச் சறுக்குப் பலகையில் இழுத்து வருகிறார், விரிக்கிறார், உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார், அவ்வளவுதான். அதேபோல நாலு பக்கமும் நீலத் தார்ப்பாய், முன்னால் ஒரு சன்னல் என்று செய்ய நினைக்கிறேன். மொத்தம் 5 கிலோவுக்குள் இருக்க வேண்டும், எக்ஸ்எல்லில் கால் வைக்கிற இடத்தில் அடங்க வேண்டும், நைனா தனியாகவே நிறுத்தும்படி இருக்க வேண்டும். யாராவது செய்திருக்கிறீர்களா?

மினசோட்டா_ரிட்டர்ன்:
சத்துவாச்சாரிதான் நண்பா, ஆனால் நாலு வருஷம் மினசோட்டாவில் இருந்தேன், அந்தக் கூடாரத்துக்குள் உட்கார்ந்தும் இருக்கிறேன். தயவுசெய்து அதை அப்படியே செய்யாதீர்கள். அங்கே வெளியே மைனஸ் 20 டிகிரி. அதனால் உள்ளே இருக்கிற சூடு ஒரு துளிகூட வெளியே போகக்கூடாது என்றுதான் நாலு பக்கமும் மூடுகிறார்கள், துணியும் அடர்ந்த நிறம். அதில் இன்னொரு வசதியும் உண்டு. உள்ளே இருட்டாக இருந்தால் ஓட்டைக்குக் கீழே தண்ணீர் வெளிச்சமாகத் தெரியும், மீன் வருவதையே பார்க்கலாம். அதையே கொண்டுவந்து அக்னி நட்சத்திரத்தில் நம்ம ஏரிக்கரையில் நிறுத்தினால் நைனாவை இட்லிச் சட்டியில் வைத்த மாதிரிதான். நீலத் தார்ப்பாய் வெயிலில் காய்ந்து அதுவே கீழே அனல் அடிக்கும், காற்றும் புகாது.

அங்கே அவர்களுக்கு வேறு கவலைகள். பனி 4 அங்குலமாவது இல்லாமல் கால் வைக்கக்கூடாது. உள்ளே ஹீட்டர் போட்டால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்காகவே காற்றுத் துவாரம் விட வேண்டும். மூடிய துணிக்குள் டீ போட ஸ்டவ் பற்றவைப்பது இங்கேயும் ஆபத்துதான், அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், மடித்து ஒரே மூட்டையாகத் தூக்குகிற யோசனை நல்லது. மற்றதை விட்டுவிடுங்கள்.

பைப்பு_மேஸ்திரி (குடியாத்தம்):
துணி தார்ப்பாய் வேண்டாம், நர்சரியில் போடுகிற நிழல் வலை வாங்குங்கள், 75 சதவீதம். காற்று ஊடே போகும், எடையும் குறைவு. முடிந்தால் ஒரு சாண் இடைவெளி விட்டு இரண்டு அடுக்கு. மேல் வலை வெயிலைத் தாங்கிக்கொள்ளும், நடுவில் காற்று ஓடும், கீழ் வலை அவ்வளவாகச் சுடாது. மழைக்கு இது உதவாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பைப் என்றால் தண்ணீர் பைப் எடுக்காதீர்கள், கனம். வயரிங்குக்குப் போடுகிற 25 எம்எம் கான்ட்யூட் எடுங்கள், 3 மீட்டர் லெந்த் ஒன்று சுமார் அரை கிலோதான் வரும். நாலு கால், மேலே ஆறுக்கு ஐந்தடி சட்டம் என்றால் 40 அடி பைப், சுமார் இரண்டு கிலோ. ஆனால் பிரச்சினை மூலையில்தான். மூன்று பைப் சேருகிற மூலைத் துண்டு சாதாரணக் கடையில் கிடைக்காது. நான் என் மச்சானுக்கு ஒன்று செய்தபோது எல்போவையும் டீயையும் சொல்யூஷன் போட்டு ஒட்டினேன், கச்சிதமாகத்தான் இருந்தது, முதல் நாளே காற்றில் ஒட்டின இடம் பட்டென்று விட்டது, சட்டம் மொத்தமும் சாய்ந்து ஏரிக்குள் மிதந்துபோனது. மச்சான் முழங்கால் தண்ணீரில் இறங்கி இழுத்து வந்தார். இன்றுவரை எந்தக் கல்யாணத்தில் பார்த்தாலும் அதைத்தான் சொல்கிறார்.

ஏரிக்கோடி (காவேரிப்பாக்கம் பக்கம்):
தம்பிகளா, பெட்டி மாதிரி எதற்கு? ஒரு பந்தலுக்கு நாலு கால் வேண்டும், ஒரு சாய்ப்புக்கு இரண்டு கால் போதும். எங்கள் ஏரி கோடி போகிற (நிரம்பி வழிகிற) வருஷங்களில் கரையில் நாள் முழுக்க உட்கார்ந்த ஆள் நான், சொல்வதைக் கேளுங்கள்.

ஐந்தரை அடிக் கம்பு இரண்டு முன்னால். வலை எட்டுக்கு ஆறு. வலையின் முன் மூலைகளைக் கம்பு நுனியில் மாட்டி, அங்கிருந்து ஆளுக்கொரு கயிறு முன்பக்கம் சாய்வாக இழுத்துக் கட்டுங்கள். பின் மூலை இரண்டையும் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் நிற்கிற மாதிரி கயிறு விட்டுக் கட்டினால் பின்னாலும் காற்று வரும். தாழ்ந்த பக்கம் சூரியனைப் பார்த்து இருக்கட்டும், பொழுது சாய்ந்தால் திருப்பிக்கொள்ளலாம். மூலைத் துண்டும் வேண்டாம், ஒட்டவும் வேண்டாம்.

நிற்பது கம்பின் பலத்தால் இல்லை, கயிற்றின் பலத்தால். காற்று 30 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால் ஒவ்வொரு சதுர மீட்டர் துணியையும் நாலு கிலோ எடை தள்ளுகிற மாதிரி தள்ளும். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளல் நாலு மடங்கு. வலை என்பதால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ஏரிச் சேற்றில் முளைக்குச்சி நிற்காது, உருவிக்கொண்டு வந்துவிடும். 5 லிட்டர் காலி கேன் நாலு எடுத்துப் போங்கள், அங்கே போய் ஏரித் தண்ணீரை ரொப்பி அதில் கயிற்றைக் கட்டுங்கள், ஒவ்வொன்றும் 5 கிலோ. வண்டியில் போகும்போது வெறும் பிளாஸ்டிக், கரையில் கல்லு. ஆடிக்காற்றில் அதுவும் போதாது, அன்றைக்கு வீட்டிலேயே இருங்கள்.

பேர்ணாம்பட்டு_கெளுத்தி:
ஒரு வார்த்தை. கோடை மழைக்கு இடி இடிக்க ஆரம்பித்தால் கூடாரமாவது ஒன்றாவது, எல்லாம் போட்டுவிட்டுக் கரையை விட்டு இறங்கிவிடுங்கள். கார்பன் தூண்டில் கம்பு மின்சாரத்தைக் கடத்தும். அப்புறம் வலை ஓரம் மடித்துத் தைக்க சாதாரண டெய்லரிடம் போகாதீர்கள், ஊசி உடைகிறது என்று திட்டுவார். நம்ம பக்கம் வீட்டில் ஷூ அப்பர் தைக்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் மெஷினில் கொடுங்கள். மூலைக்குத் தோல் துண்டு வைத்துத் தைத்து, கயிறு மாட்ட வளையக் கண்ணும் அடித்துக் கொடுப்பார்கள், சீக்கிரம் கிழியாது.

காட்பாடி_தக்கை:
மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். ஏரிக்கோடி ஐயா சொன்னதைத்தான் செய்தேன், கம்புக்கு மட்டும் மேஸ்திரி அண்ணன் சொன்ன கான்ட்யூட். ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்டி நடுவில் கப்ளர் வைத்து, உள்ளே சைக்கிள் டியூபை நீளமாகக் கிழித்து நுழைத்து இரண்டு முனையிலும் கட்டிவிட்டேன், அதனால் துண்டுகள் தொலையாது, உதறினால் தானே நேராக நிற்கிறது. வலை, கயிறு, காலி கேன் எல்லாம் சேர்த்துக் கடைத் தராசில் 2 கிலோ 400. தோல் மூலை பேர்ணாம்பட்டு அண்ணன் உபயம், நன்றி.

முதல் நாள் கேன் எல்லாம் சரியாக இருந்தது, கம்புதான் அரை மணி நேரத்தில் சேற்றில் ஒரு சாண் இறங்கி வலை நைனா தலையில் உட்கார்ந்தது. அவரே எழுந்து போய், மண்புழு கொண்டுவந்த கொட்டாங்குச்சி இரண்டையும் கவிழ்த்துக் கம்புக்கு அடியில் வைத்தார். அதன்பிறகு இறங்கவில்லை. புழுவை என் டிபன் பாக்ஸ் மூடியில் கொட்டியிருந்தார், சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அதைப் பார்த்தேன்.

இப்போது ஒரே புகார், நிழல் சுகமாக இருக்கிறது என்று பன்னிரண்டு மணிக்கு மேல் தூங்கிவிடுகிறார். போன வாரம் தக்கை முங்கியதும் தெரியவில்லை, தூண்டிலோடு இழுத்துக்கொண்டு போய்விட்டது. விரால்தான் என்று சத்தியம் செய்கிறார்.

ஏரிக்கோடி:
தூண்டில் அடியில் ஒரு கயிறு கட்டி கேனில் மாட்டச் சொல்லு தம்பி. விரால் இல்லை, பெரிய கெண்டையாக இருக்கும்.