பெரிய பேர் காலேஜா, கம்மி ஃபீஸ் காலேஜா? உங்க வீட்ல நடந்தத சொல்லுங்க

ஈரோட்டுத் தறிக்காரன்:

அக்கா பொண்ணுக்கு இன்ஜினியரிங் கட்ஆஃப் 200க்கு 188. சாய்ஸ் ஃபில்லிங் (எந்த காலேஜ், எந்த பிரிவு வேணும்னு ஆன்லைன்ல வரிசையா போடுறது) ஓடிட்டிருக்கு, வீட்ல ரெண்டு கட்சி. மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர் கட்சி, சேலம் கவர்மென்ட் காலேஜ்ல ஈசிஇ (எலக்ட்ரானிக்ஸ்). அக்கா கட்சி சென்னைல நல்ல பேர் எடுத்த ஒரு தனியார் காலேஜ்ல கம்ப்யூட்டர் சயின்ஸ். பஞ்சாயத்துக்கு என்னைய கூப்பிட்டுருக்காங்க, நான் என்னங்க சொல்றது, 2014ல எனக்கே இந்த பஞ்சாயத்துதான் நடந்துச்சு.

அப்பெல்லாம் கவுன்சிலிங் ஆன்லைன் கிடையாது, அது 2018லதான் வந்துச்சு. கால் லெட்டர காட்டுனா எனக்கும் கூட வர்ற ஒருத்தருக்கும் கவர்மென்ட் பஸ்ல பாதி டிக்கெட். ராத்திரி ஈரோட்ல ஏறி விடியக்காலைல கோயம்பேடு, அங்கிருந்து கிண்டி. அண்ணா யுனிவர்சிட்டி கேட்ட தாண்டுறதுக்குள்ள கையில பத்து நோட்டீஸ், ரெண்டு பை, ஒரு விசிறி, எல்லாத்துலயும் ஏதோ ஒரு காலேஜ் பேரு. உள்ள போனா பெரிய ஸ்க்ரீன்ல எந்த காலேஜ்ல எந்த பிரிவுல எத்தன சீட் மிச்சம்னு ஓடும், நம்ம பாத்து வெச்ச சீட்டு 3ன்னு இருக்கும், டீ குடிச்சிட்டு வந்தா 1ன்னு நிக்கும், வயித்த கலக்கிரும்.

அங்கதான் அந்த கரூர்க்காரர பாத்தோம். பஸ் கண்டக்டரா இருந்தவரு, ரெண்டாவது பையனுக்கு வந்திருந்தாரு. மடியில ஒரு நாப்பது பக்க நோட்டு. மூத்தவன பேருக்காக ஒரு தனியார் காலேஜ்ல சேத்துட்டு நாலு வருசம் செலவு பண்ணுனது அத்தனையும் டிக்கெட் கணக்கு மாதிரி தேதி போட்டு எழுதி வெச்சிருக்காரு. ட்யூஷன் ஃபீஸ் ஒரே ஒரு வரிதாங்க. அதுக்கு கீழ ஹாஸ்டல் அட்வான்ஸ், மெஸ்சு, கோட்டு, ஷூ, லேப் ரெக்கார்டு, ப்ளேஸ்மென்ட் ட்ரெயினிங்குன்னு தனியா, தீபாவளி பொங்கலுக்கு வந்து போன பஸ் செலவு, அரியர் ஃபீஸ் மூணு தடவ. கடைசி பக்கத்துல கூட்டித் தொகை, அதுக்கு அடியில ரெண்டு கோடு. போட்டிருந்த ஃபீஸுக்கு மூணு மடங்கு சொச்சம் வந்துச்சு. எங்கப்பாவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது, ஆனா தறிக்கணக்கு பாத்த கண்ணு, ஒவ்வொரு வரியா விரல வெச்சு கீழ வரைக்கும் போயி நோட்ட மூடிக் குடுத்துட்டு ஒண்ணுமே பேசல. வெளிய வந்து, "சாமி, எந்த காலேஜுன்னு நீ முடிவு பண்ணிக்க, ஆனா இந்த நோட்டு நம்மளால எழுத முடியாது"ன்னாரு.

கோயமுத்தூர் ஜிசிடில (கவர்மென்ட் இன்ஜினியரிங் காலேஜ்) ப்ரொடக்‌ஷன் எடுத்தேன். 1945ல ஆரம்பிச்ச காலேஜ், தடாகம் ரோட்ல, மரமும் பழைய பில்டிங்குமா இருக்கும். பக்கத்து க்ளாஸ் கம்ப்யூட்டர் பசங்களுக்கு வந்த கம்பெனில பாதி எங்க பிரிவ உள்ளயே விடல, அதுவும் உண்ம. கடைசில ஒரு பம்பு கம்பெனில மாசம் 15,000க்கு சேந்தேன். கடன் கிடையாது. ஆனா பேர் காலேஜ் போன என் சேக்காளி மொத வருசமே என்னைய விட டபுள் மடங்கு வாங்குனான், அப்ப வயிறு எரியலன்னு சொன்னா பொய்ங்க.

உங்க வீட்டு கதைய சொல்லுங்க, காலேஜ் பேர் போட்டு திட்ட வேண்டாம்.

மதுர அக்கா:

நான் எதிர்க்கட்சி தம்பி, பேருக்காக போயி மாட்டுன கூட்டம். 2019. எனக்கு கட்ஆஃப் 160 சொச்சம், கவுன்சிலிங்ல ஊருக்கு பக்கத்துல ஒரு சுமாரான காலேஜ் கெடச்சிருக்கும், ஆனா எங்க சித்தப்பா "அந்த காலேஜா, யாருக்கு தெரியும் அந்த பேரு"ன்னு ஒரு வார்த்த சொன்னாரு பாருங்க, அதோட எங்க அம்மா மேனேஜ்மென்ட் கோட்டாதான் (கவுன்சிலிங் இல்லாம காலேஜே நேரா தர்ற சீட்டு)னு ஒத்தக் கால்ல நின்னுருச்சு. மேனேஜ்மென்ட்ல கவர்மென்ட் நிர்ணயிச்ச ட்யூஷனே வருசம் 87,000தான் அப்ப. அது ரசீதுக்கு. ரசீது இல்லாம குடுத்தது வேற, அதுக்கு அம்மாவோட வளையலும் ஆரமும் போச்சு.

லோனுக்கு போனப்ப ஒரு பேங்க் மேனேஜர் சார், வயசானவரு, ரொம்ப பொறுமையா பேசுனாரு. 4 லட்சம் வரைக்கும் சொத்து ஜாமீன் வேணாம், 7.5 லட்சம் வரைக்கும்னா மூணாவது ஆள் கையெழுத்து வேணும், அதுக்கு மேல போனா வீட்டுப் பத்திரம்னாரு. ரசீது இல்லாத காசு எங்க கணக்குலயே வராதும்மான்னு சிரிச்சாரு. அப்புறம் ஒரு துண்டு பேப்பர எடுத்து எனக்கு காட்டி காட்டி எழுதுனாரு. வருசத்துக்கு 1.5 லட்சம் வாங்குற, நாலு வருசத்துல 6 லட்சம், வேலை தேட ஒரு வருசம் டைம் தர்றோம், ஆனா வட்டி மொத நாள்லருந்தே ஓடும்மா, 10 பர்சென்ட்னு வெச்சா மொத தவண கட்டுற அன்னைக்கு 8 லட்சத்து 10,000 நிக்கும், ஏழு வருசத்துல கட்டுனா மாசம் பதிமூவாயிரத்து சொச்சம். "உன் மொத சம்பளம் எவ்வளவு வரும்னு நெனைக்கிற?"ன்னு கேட்டாரு. 50,000ன்னேன். அந்த மனுசன் ஒண்ணும் சொல்லாம பேனாவ மூடி வெச்சாரு.

வந்தது 3.36 லட்சம் பேக்கேஜ், கைக்கு 23,000. சோழிங்கநல்லூர் பிஜி வாடகை, சாப்பாடு, தவண போக மிச்சம் என்ன இருக்கும்னு நீங்களே கணக்கு போட்டுக்கங்க. அந்த துண்டு பேப்பர் இன்னமும் என் பர்ஸ்ல இருக்கு. சித்தப்பா இதுவரைக்கும் ஒரு தவண கட்டல.

பேர் வேணாம்:

எங்க வீட்ல நடந்தது வேற மாதிரி முட்டாத்தனம். 2018ல தம்பிக்கு ஜேஇஇ மெயின் (ஆல் இந்தியா நுழைவுத் தேர்வு) ரேங்க்ல திருச்சி என்ஐடி, அதான் சென்ட்ரல் கவர்மென்ட் காலேஜ், கெடைக்குற மாதிரி இருந்துச்சு, அங்க பாதி சீட்டு நம்ம ஸ்டேட்டுக்குதான். வெப்சைட்ல வருசம் ட்யூஷன் 1,25,000ன்னு பாத்தோம், அப்பா கம்ப்யூட்டர ஆஃப் பண்ண சொல்லிட்டாரு. குடும்ப வருமானம் 1 லட்சத்துக்கு கீழன்னா ட்யூஷன் முழுசா தள்ளுபடி, 5 லட்சத்துக்கு கீழன்னா மூணுல ரெண்டு பங்கு தள்ளுபடின்னு எங்களுக்கு சொல்ல ஆளில்ல. அடுத்த வருசம் பக்கத்து தெரு பையன் சேந்தப்பதான் தெரிஞ்சுது. எங்க அப்பா தாலுகா ஆபீஸ்லதான் வேலை பாத்தாரு, வருமான சர்டிஃபிகேட் ஃபைல் தினமும் அவர் மேசையத் தாண்டிதான் போகும். இன்னைக்கும் அந்த பேச்ச எடுத்தா எந்திரிச்சு போயிருவாரு.

நெல்லை டீச்சர்:

நான் கவர்மென்ட் ஸ்கூல்ல கணக்கு டீச்சர். 2022ல எங்க ஸ்கூல் பிள்ள ஒண்ணு, அப்பா இல்ல, அம்மா பீடி சுத்துறாவ. ரிசல்ட் வந்த மறுநாளே ஒரு காலேஜ் ஏஜென்ட் ஸ்வீட் பாக்ஸோட வீட்டுக்கே போயிட்டான். ஃபர்ஸ்ட் கிராஜுவேட் (வீட்டுல மொத பட்டதாரி) சலுக உண்டு, பஸ் ஃப்ரீ, ஒரிஜினல் மார்க் ஷீட்ட மட்டும் குடுங்கன்னு நிக்கான். அந்த அம்மாவும் பீரோவ தொறந்துட்டாவ. நல்ல வேளைக்கு பிள்ள எனக்கு போன் போட்டுச்சு, நான் ஸ்கூட்டில போயி "அண்ணாச்சி, ஒரிஜினல குடுத்துட்டு அவ கவுன்சிலிங்குக்கு என்னத்த கொண்டு போவா?"ன்னு கேட்டேன், ஸ்வீட்ட கூட எடுக்காம போயிட்டான்.

கவர்மென்ட் ஸ்கூல் பிள்ளைகளுக்கு 7.5 பர்சென்ட் ஒதுக்கீடு 2021லயே வந்தாச்சு. அதுல சீட் கெடைச்சா ட்யூஷனும் ஹாஸ்டலும் கவர்மென்ட்டே கட்டுது. அப்ப பேர் வேணுமா காசு வேணுமான்னு இந்த பிள்ளைக்கு கேள்வியே இல்ல, கட்ஆஃப் எட்டுற வரைக்கும் எது பெரிய காலேஜோ அத மேல போட வேண்டியதுதான். கிண்டி இன்ஜினியரிங் காலேஜ், சீஇஜிதான் மொத சாய்ஸ், 1794ல சர்வே ஸ்கூலா ஆரம்பிச்சது, அந்த கட்டடத்த போட்டோல பாத்துட்டு "டீச்சர், இது கோர்ட்டா?"ன்னு கேட்டா. கெடைச்சுட்டு. ஆனா மொத செமஸ்டர்ல ரெண்டு பேப்பர் போச்சு. க்ளாஸ்ல எல்லாம் இங்கிலீஷ், பக்கத்து பெட்டுப் பிள்ள டெல்லி ஸ்கூல்ல படிச்சவ. ராத்திரி போன் போட்டு அழுவா. கவர்மென்ட் ஸ்கூல் பொண்ணுகளுக்கான புதுமைப் பெண் திட்டத்துல மாசம் வர்ற 1,000 ரூவாயில பாதிய அம்மாவுக்கு அனுப்பிருவா. இப்ப பரவாயில்ல, அரியரெல்லாம் முடிச்சுட்டா.

குரோம்பேட்டை சீனியர்:

நான் எம்ஐடில (அண்ணா யுனிவர்சிட்டியோட குரோம்பேட்டை காலேஜ்) படிச்சவன், இப்ப எங்க கம்பெனிக்கு கேம்பஸ் இன்டர்வியூக்கு போற ஆள்ல நானும் ஒருத்தன். உள்ள இருந்து பாத்தத சொல்றேன், கோவப்படாதீங்க. எந்தெந்த காலேஜுக்கு போகணும்னு ஒரு லிஸ்ட் இருக்கும், நாங்க யாரும் நல்ல பசங்க எங்க இருக்காங்கன்னு ஊர் ஊரா தேடிட்டு போறதில்ல. லிஸ்ட்ல இல்லாத காலேஜ் பையன் தங்கமாவே இருந்தாலும் எங்க கண்ணுலயே பட மாட்டான். பேருக்கு இருக்குற மதிப்பு அவ்வளவுதான், அந்த ஒரு நாளுக்கு. மூணு வருசம் கழிச்சு வேற கம்பெனி மாறும்போது காலேஜ நான் கேட்டதேயில்ல, என்ன பண்ணுனன்னுதான் கேப்பேன்.

அதனால தறிக்காரரே, ப்ளேஸ்மென்ட் 95 பர்சென்ட்னு பேனர் வெச்சிருந்தா அத நம்பி போகாதீங்க. பொண்ண விட்டு ரெண்டு காலேஜ்லயும் அவ எடுக்கப் போற பிரிவு ஃபைனல் இயர் பிள்ளைங்க நாலு பேர்கிட்ட போன்ல பேச சொல்லுங்க. எந்த கம்பெனி வந்துச்சு, உங்க பிரிவ உள்ள விட்டாங்களா, ஆஃபர் லெட்டர் வந்து ஜாயினிங் தேதி வந்துச்சா. இந்த மூணும் போதும்.

ஈரோட்டுத் தறிக்காரன்:

சார் சொன்ன மாதிரியே நேத்து பேச வெச்சேன். சேலத்து பொண்ணு ஒண்ணு நல்லா வெவரமா சொல்லுச்சு, ஈசிஇக்கு சாஃப்ட்வேர் கம்பெனிங்களும் உள்ள விடுறாங்களாம், ஆனா லேப்ல பாதி மெசின் ஓடாதாம். சென்னைக்காரி போன எடுத்தவுடனே "ஹாஸ்டல் ஃபீஸ எந்த வருசத்து நோட்டீஸ்ல பாத்தீங்க?"ன்னு கேட்டுச்சாம், கேட்டுட்டு ஒரே சிரிப்பு.

மதுர அக்கா, உங்க கணக்க அப்படியே எங்க அக்காவுக்கு படிச்சு காட்டுனேன். 8 லட்சத்து 10,000ங்கற எடத்துல நிறுத்தி திரும்ப படிக்க சொல்லுச்சு. ஆனாலும் சென்னை காலேஜ லிஸ்ட்ல இருந்து எடுக்க மாட்டேங்குது, ரெண்டாவதாவாச்சும் இருக்கட்டும்னு அடம். பொண்ணு நடுவுல புகுந்து, ரெண்டும் வேணாம், கோயமுத்தூர் ஜிசிடி ஈஈஈய (எலக்ட்ரிகல்) மேல போடறேன், மாமா (நாந்தாங்க) படிச்ச காலேஜுதானேன்னு ஒரு மூணாவது கட்சி ஆரம்பிச்சிருக்கா. எல்லாரும் இப்ப என்னைய மொறைக்கறாங்க.

லாக் பண்ண நாளைக்கு சாயங்காலம் 5 மணி வரைக்கும் டைம் இருக்கு. மாமா மஞ்சக் காட்டுக்கு தண்ணி கட்ட போனவரு இன்னும் வரலைங்க.