ஒரு வரிசையில் பத்துப் பேர்: போயிங் 777 எகானமி இருக்கைகள் குறித்து ஒரு விவாதம்

நெடுவழியன்:
பதினான்கு மணி நேரம் பறக்கும் போயிங் 777 விமானத்தின் எகானமி வகுப்பில் வரிசைக்குப் பத்து இருக்கைகள் போடுவது பயணிகளுக்குச் செய்யும் அநீதி என்பது என் உறுதியான கருத்து. 1995-இல் அமெரிக்காவின் யுனைடெட் விமான நிறுவனம் இவ்விமானத்தை முதன்முதலில் சேவைக்குக் கொண்டுவந்தபோது வரிசைக்கு ஒன்பது பேர்தான் உட்கார்ந்தார்கள். பயணிகள் அமரும் கேபினின் உள் அகலம் அன்றும் இன்றும் ஏறத்தாழ 5.86 மீட்டர்தான். அப்படியானால் பத்தாவது இருக்கைக்கு இடம் எங்கிருந்து வந்தது? ஒவ்வோர் இருக்கையிலும் கைப்பிடியிலும் நடைவழியிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி எடுத்ததுதான் அது. சுமார் 18 அங்குலத்துக்கு மேல் இருந்த இருக்கை 17 அங்குலமாகக் குறுகிவிட்டது.

சென்ற ஆண்டு என் அம்மாவைச் சென்னையிலிருந்து டொரோண்டோவுக்கு அழைத்துச் சென்றேன். முழங்கால் வலிக்காக அவருக்கு நடைவழி இருக்கை வாங்கியிருந்தேன். சாப்பாட்டு வண்டி வரும்போதெல்லாம் முழங்கையை இழுத்து மடிமீது வைத்துக்கொண்டிருந்தவர், விளக்கணைத்த பிறகு அயர்ந்து தூங்கிவிட்டார். வண்டி இடித்த இடம் மறுநாள் காலையில் நீலமாகக் கன்றியிருந்தது. பணிப்பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். அந்த நடைவழியில் வண்டியை இடிக்காமல் தள்ளுவது எவருக்கும் கடினம்.

கணக்கர்:
அம்மாவுக்கு நேர்ந்தது வருத்தமளிக்கிறது, ஐயா. ஆயினும் உங்கள் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. ஒன்பது பத்தாகும்போது, ஏறத்தாழ அதே எரிபொருளில், அதே விமானிகளோடு, எகானமியில் பதினோரு சதவீதம் கூடுதலானவர்கள் பயணம் செய்கிறார்கள். முதன்முறையாக வெளிநாட்டுக்குப் படிக்கச் செல்லும் மாணவருக்கும், பேரக்குழந்தையைப் பார்க்கக் கடன் வாங்கி டிக்கெட் எடுக்கும் பெற்றோருக்கும் அந்த வேறுபாடு பெரியது. மேலும், உடல் களைப்பு அகலத்தால் மட்டும் வருவதன்று. பழைய விமானங்களில் கேபினின் காற்றழுத்தம் 8,000 அடி உயரத்தில் இருப்பதற்குச் சமமாகும் வரை குறையலாம்; போயிங் 787, ஏர்பஸ் ஏ350 ஆகியவற்றில் அது 6,000 அடி அளவிலேயே நிற்கிறது, காற்றின் ஈரப்பதமும் கூடுதல். 787-இலும் பெரும்பாலான நிறுவனங்கள் 17 அங்குல இருக்கைகளையே வைத்திருக்கின்றன. இருந்தும் அதிலிருந்து இறங்கும்போது எனக்குத் தலைவலி இருப்பதில்லை.

நெடுவழியன்:
காற்றழுத்தம் குறித்து நீங்கள் சொல்வது சரியே. ஆனால் நல்ல காற்றையும் போதிய இடத்தையும் சேர்த்தே தர முடியும் என்பதற்கு ஏ350 சான்றாக இருக்கிறது: 5.61 மீட்டர் அகலக் கேபினில் ஒன்பது பேர், ஆளுக்கு 18 அங்குலம். ஓர் அங்குலம்தானே என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலோருக்குத் தோள் இடுப்பைவிட அகலமானது. 17 அங்குல இருக்கையில் மூவர் அடுத்தடுத்து உட்கார்ந்தால், நடுவில் இருப்பவர் தோள்களை முன்புறம் குறுக்கிக்கொண்டே இரவைக் கழிக்க வேண்டும். நீண்ட பயணங்களுக்கு 18 அங்குலத்தைக் குறைந்தபட்ச அளவாக்க வேண்டும் என்று ஏ350-ஐத் தயாரிக்கும் ஏர்பஸ் நிறுவனம் 2013-இல் வலியுறுத்தியது. அதில் அவர்களுடைய வணிக நலனும் இருந்தது. அதனால் அளவு தவறாகிவிடாது.

சன்னலோரம்:
இருவரும் அகலத்திலேயே நிற்கிறீர்கள். இருக்கைகளைப் பிரித்து அடுக்கும் முறையும் அதே அளவுக்கு முக்கியம். இரு நடைவழிகளால் வரிசையை மூன்று மூன்றாகப் பிரிக்கும் 3-3-3 அமைப்பில் சன்னலோரம் இருக்கும் இருவர் கழிவறைக்குப் போக இரண்டு பேரை எழுப்ப வேண்டும். முன்பு சில 777-களில் இருந்த 2-5-2 அமைப்பில் நட்டநடுவில் இருந்த ஒருவருக்கு மட்டுமே அந்த நிலை. 2-4-2 அமைப்பில் யாருக்கும் ஒருவருக்கு மேல் தாண்ட வேண்டியதில்லை. 787 முதலில் எகானமியில் எட்டுப் பேருக்கென்றே திட்டமிடப்பட்டது. ஜப்பான் ஏர்லைன்ஸ் தன் சர்வதேச வழித்தடங்களில் அந்த 2-4-2 முறையை விடவில்லை. எழுந்து நடக்கத் தயங்கி மணிக்கணக்காக உட்கார்ந்தே இருந்தால் கால் இரத்தக்குழாயில் இரத்தம் உறையும் ஆபத்து கூடுகிறது. ஆகவே இதை வெறும் சொகுசுப் பேச்சாக நான் கருதவில்லை.

கணக்கர்:
சன்னலோரம் அம்மா சொன்னது நான் எண்ணிப் பார்க்காத கோணம். ஆனாலும் எட்டுப் பேர், ஒன்பது பேர் என்று குறைத்துக்கொண்டே போனால் கட்டணம் எங்கே நிற்கும்? சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2018-இல் அமெரிக்காவின் நியூவார்க்குக்கு இடைநில்லாச் சேவையை மீண்டும் தொடங்கியபோது, அந்த ஏ350-இல் மொத்தம் 161 இருக்கைகளே இருந்தன. எகானமி வகுப்பே கிடையாது. பதினெட்டு மணி நேரத்துக்கு அது வசதியானதுதான், ஆனால் எளியவர் அதில் ஏற முடியாது. ஒன்பது இருக்கை வரிசைக்காகத் தாம் எவ்வளவு கூடுதலாகக் கொடுக்க ஆயத்தமாக இருக்கிறார் என்பதை நெடுவழியன் ஐயா இன்னும் சொல்லவில்லை.

நெடுவழியன்:
சொல்கிறேன். பத்துப் பேர் ஆளுக்கு 90,000 ரூபாய் கொடுத்தால் ஒரு வரிசைக்கு ஒன்பது லட்சம். அதே ஒன்பது லட்சம் ஒன்பது பேரிடமிருந்து வர ஆளுக்கு ஒரு லட்சம் ஆகும். அந்தப் பத்தாயிரத்தை என் அம்மாவுக்காக நான் கொடுப்பேன். நீங்கள் சொன்ன மாணவரால் முடியாமல் போகலாம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெட்டியின் எடையைக் கிலோ கணக்கில் சொல்லும் டிக்கெட்டில் இருக்கையின் அகலத்தையும் அங்குலத்தில் அச்சிட்டிருந்தால், அன்று நான் வேறு விமானத்தைத் தேர்ந்தெடுத்திருப்பேன்.

கணக்கர்:
அகலத்தை அச்சிட வேண்டும் என்பதில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன். பத்தாவது இருக்கையை எடுத்துவிட வேண்டும் என்பதில் இன்னும் உடன்பாடில்லை.