இயேசு நமக்குச் செய்ததைப் பிறருக்குச் சாட்சியாகச் சொல்லப் படிப்பு வேண்டுமா? உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

ஒலிவக்கிளை:
அம்மா ஐசியுவில். நடுராத்திரி. தரை துடைக்கிற அக்கா மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து, "உங்கம்மா பேரு என்ன சார்?" என்றார். சொன்னேன். "எனக்கு பைபிள் வாசிக்கத் தெரியாது. என் புள்ளைக்கு ஜன்னி கண்டப்போ இயேசப்பாகிட்டதான் அழுதேன், கைவிடல. உங்கம்மாவுக்கும் கேட்கிறேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மா பேரைச் சொல்லி ஜெபித்தார். பினாயில் வாசனை அடிக்கிற ஈரக்கை. ஆறுதல் சொல்ல வந்த பாஸ்டர்களும் பேராசிரியர்களும் பேசியது ஒன்றும் நினைவில் இல்லை. அந்தக் கை மட்டும் மனசை விட்டுப் போகவில்லை.

சாரதி:
நான் டிரைவர். எட்டாவது வரைதான். முதலாளி மகனைப் பறிகொடுத்த சமயம். பின்சீட்டில் அழுதுகொண்டு வந்தார், கண்ணாடியில் தெரிந்தது. ஓரங்கட்டினேன். "ஐயா, தப்பா நினைக்கலேன்னா ஒரு ஜெபம் பண்ணட்டுமா?" தலையை அசைத்தார். இண்டிகேட்டர் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டே இருந்தது, அணைக்கத் தோன்றவில்லை. "ஆண்டவரே, ஐயாவைத் தேத்தும்." அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. அன்றிலிருந்து அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. நானாகப் பேச்செடுக்கலாமா?

ஜீவநதி:
ஒலிவக்கிளை, பாஸ்டர்களை இப்படி ஒதுக்க வேண்டாம். அப்போஸ்தலன் பவுல், யூத வேத அறிஞர் கமாலியேலின் பாதத்தருகே படித்தவர். அந்தப் படிப்பையும் ஆண்டவர் எடுத்துப் பயன்படுத்தினார். என் அனுபவம் சின்னது: வீட்டு வேலைக்கு வந்த ஒரு அம்மா சொன்ன சாட்சிதான் என்னைச் சபைக்குக் கூட்டிப்போனது.

எல்லோருக்கும் சொல்கிறேன், பிரசங்கம் வேண்டாம். உங்களுக்கு நடந்ததை மட்டும் சொல்லுங்கள். பைபிளில் யோவான் 9-ல், இயேசு பார்வை கொடுத்த பிறவிக் குருடன், தன்னை விசாரித்த பரிசேயர் என்ற யூத மதத் தலைவர்களிடம் அதைத்தான் செய்தான். குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன் என்றான். இயேசு பாவியா என்பது எனக்குத் தெரியாது என்றும் சொன்னான். அப்புறம், சாரதி தம்பி மாதிரி அனுமதி கேட்டுவிட்டுப் பேசுங்கள். மேலதிகாரியாக இருப்பவர்கள் இதில் ரொம்பவே கவனம். உங்களுக்குக் கீழே வேலை செய்பவர் "வேண்டாம் சார்" என்று சொல்ல முடியாமல் தலையாட்டிக்கொண்டு நிற்பார். அதைச் சாட்சி என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஒலிவக்கிளை:
படிப்பு வேண்டாமென்று நான் எங்கே எழுதினேன்? ஆதிச் சபைக் காலத்துப் போதகர் அப்பொல்லோ வேதத்தில் வல்லவர், பேச்சில் சமர்த்தர். அவரைச் சேர்த்துக்கொண்டு இன்னும் திருத்தமாக விளக்கியவர்கள் கூடாரம் செய்து பிழைத்த ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும். அப்போஸ்தலர் 18, வாசித்துப் பாருங்கள்.

சாரதி அண்ணே, "ஐயா, உங்களுக்காக இன்னும் ஜெபிக்கிறேன்" என்று ஒரு வரி சொல்லுங்கள். பேசத் தோன்றினால் அவரே பேசுவார்.