மொய்னா பெருகவில்லை, வழி சொல்லுங்கள்

குழு நண்பர்களுக்கு வணக்கம். கப்பி மீன் குஞ்சுகளுக்கு இரையாக, மொட்டைமாடி சிமெண்ட் தொட்டியில் மொய்னா என்ற நுண்ணிய நீர்வாழ் உயிரை வளர்க்கிறேன். சில வாரங்களாகப் பெருக்கம் படுத்துவிட்டது. லென்ஸில் பார்த்தால், முதுகுப் பையில் நெருக்கமாக இருந்த முட்டைகள் இரண்டு மூன்றாகச் சுருங்கியிருக்கின்றன. சிலவற்றின் முதுகில் சேணம் போலக் கருத்த உறக்கமுட்டைக் கூடும் (கெட்ட காலத்தைத் தாண்டிப் பிழைக்கும் முட்டையின் உறை) தெரிகிறது. நெருக்கடியும் பட்டினியும் வந்தால்தானே ஆண் மொய்னாக்கள் பிறந்து இந்த முட்டை வரும்?

உணவு, பேக்கரி ஈஸ்ட் மட்டும். அதில் தேவையான கொழுப்பு அமிலக் குறை உண்டென்பதால், குளோரெல்லா என்ற நுண்பாசி வளர்ந்து பச்சையான தண்ணீருக்கு மாறலாமா, இரண்டையும் கலக்கலாமா? அந்தப் பாசித்தண்ணீரில் எனக்குள்ள பயம் வேறு: மதிய வெயிலில் பாசியால் பிஎச் (அமில-கார அளவு) 9-ஐத் தாண்டினால் கொஞ்சம் அம்மோனியாவே விஷமாகிவிடும்.

தண்ணீர், ஆர்.ஓ. வடிகட்டியது. ஓடு உரித்து உரித்து வளரும் உயிருக்குக் கால்சியம் வேண்டுமே! முட்டை ஓட்டுத்தூள் போதுமா, போர்வெல் தண்ணீர் பாதி கலப்பது மேலா? கடைக்காரர் ஏதோ ஒரு மருந்துப் புட்டியை நீட்டுகிறார். அதில் எனக்கு நம்பிக்கையில்லை. பிஎச், கடினத்தன்மை இரண்டையும் அளந்து வளர்ப்பவர்கள், உங்கள் தொட்டியின் அளவுகளைச் சொன்னால் பேருதவி.