பீட்டருக்குப் படித்தேன், நானா கிடைத்தது

பாப்பாரப்பட்டி பக்கம் ஒரு அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். வயது 41. இதுவரை மேடை ஏறியதில்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தருமபுரியில் நடந்த நாடக ஆடிஷனுக்குப் போய் வந்தேன்.

நாடகம் ‘பீட்டர் பேன்’. தமிழில் எழுதி, கோடை விடுமுறையில் ஊர்ப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டப் போகிறார்கள். சில ஆசிரியர்கள், புத்தகம் படிக்கிற நாலைந்து பேர், அவ்வளவுதான் குழு. வாட்ஸப்பில் வந்த அறிவிப்பில் ‘வயது வரம்பு இல்லை’ என்று போட்டிருந்தது. அந்த ஒரு வரிதான் என்னைக் கிளப்பியது.

மத்தியானச் சாப்பாடு முடிந்து பிள்ளைகளைப் படுக்க வைக்கும்போது ஒரு வருடமாக இந்தக் கதையைத்தான் சொல்லி வருகிறேன். வளரவே மாட்டேன் என்கிற பையன், கடிகாரத்தை விழுங்கிய முதலை. ‘டிக் டிக்’ என்று ஆரம்பித்தால் போதும், பாதிப் பேர் பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே ஒளிந்துவிடுவார்கள். அதனால் எனக்கு பீட்டர் வேடம்தான் வேண்டியிருந்தது. வீட்டில் சொன்னபோது என் பெண், “அம்மா, அது பையன் வேஷம்” என்றாள்.

பென்னாகரம் ரோட்டில் ஒரு பள்ளிக்கூட ஹால். 40 பேர் வந்திருப்பார்கள். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவரும் அதையே கேட்டார். இயக்குநர் அரூர்ப் பக்கத்துத் தம்பி, முப்பது வயதிருக்கும். அவர் காதில் அது விழுந்துவிட்டது. “1904-ல லண்டன்ல முதல் தடவை போட்டப்பவே பீட்டரா நடிச்சது நினா பூசிகோன்னு ஒரு அம்மாதாங்க. நம்ம ஊர் பாரதத்துல திரௌபதிக்கு ஆம்பளைதானே வேஷம் கட்றாரு, அதை யாராவது கேக்கறமா?” என்றார். எனக்கு அப்போதே பாதி பயம் போய்விட்டது.

பீட்டருக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஒரே காட்சி. பீட்டருக்கு வைத்த விஷத்தைத் தேவதை டிங்கர் பெல் குடித்துவிடுகிறாள், அவள் வெளிச்சம் மங்குகிறது. பீட்டர் சபையைப் பார்த்து, தேவதைகள் இருப்பதாக நம்புகிறவர்கள் கை தட்டுங்கள், அவள் பிழைத்துவிடுவாள் என்று கேட்க வேண்டும். முதல் நாள் யாரும் தட்டாவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, வாத்தியக்காரர்களைத் தட்டச் சொல்லி வைத்திருந்தாராம் இதை எழுதிய பாரி. அதற்கு அவசியமே வரவில்லையாம்.

என் முறை வந்தது. கணீர் என்று கேட்டேன். எதிரில் இருந்த பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் தட்டினார்கள். நன்றாகச் செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். எனக்கு அடுத்து ஆறாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண் வந்தது. வீட்டில் தெலுங்கு பேசுகிற பிள்ளை, தமிழ் கொஞ்சம் தயங்கித்தான் வந்தது. குனிந்து, டிங்கர் பெல்லுக்காகத் தரையில் வைத்திருந்த டார்ச் லைட்டையே பார்த்துக்கொண்டு, “தட்டுவீங்களா?” என்று மட்டும் கேட்டது. ஹாலில் சத்தமே இல்லை. அப்புறம் மூலையில் ஒரு சின்னப் பையன், யாரையும் பார்க்காமல், தனியாகத் தட்ட ஆரம்பித்தான். நான் கேட்டது டீச்சர் சொல்கிற மாதிரி இருந்தது. நான் சொன்னேன் என்று தட்டினார்கள். அந்தப் பிள்ளை கேட்டபோது, தட்டாவிட்டால் அந்த வெளிச்சம் நிஜமாகவே அணைந்துவிடும் என்று எனக்கே தோன்றியது. வேடம் யாருக்கு என்று அங்கேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

இன்னொருவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பென்னாகரம் தாண்டி ஒரு கிராமத்துக் கூத்து வாத்தியார், அறுபதைத் தாண்டியவர். பாரதக் கூத்தில் துரியோதனன் கட்டுகிறவர். கடல் கொள்ளைக்காரக் கேப்டன் ஹூக்குக்கு வந்திருந்தார். ஹூக்கின் வலது கையைத் தின்றது அந்த முதலைதான், கைக்குப் பதில் ஒரு கொக்கி. ‘டிக் டிக்’ கேட்டாலே நடுங்குவான். “திரை வேணுங்க” என்றார். இரண்டு பேர் ஒரு போர்வையைப் பிடித்தார்கள். அதற்குப் பின்னால் நின்று, தான் யார், எத்தனை கப்பலைக் கொள்ளையடித்தவன் என்று விருத்தமாகவே பாடினார். அந்த இடத்திலேயே கட்டிய பாட்டு. போர்வைக்கு மேலே முதலில் தெரிந்தது ஒரு குடையின் வளைந்த கைப்பிடி. சட்டையின் வலது கைக்குள் குடையை விட்டு, பிடி மட்டும் வெளியே தெரிகிற மாதிரி வைத்திருந்தார். பாட்டு உச்சத்துக்குப் போகும்போது ஒருவர் தாளத்தை எடுத்து முதலையின் ‘டிக் டிக்’ தட்டினார். வாத்தியார் பாட்டை நிறுத்தவில்லை. குரல் அதே கம்பீரத்தோடு போகிறது, கொக்கி மட்டும் நத்தை கொம்பை இழுத்துக்கொள்கிற மாதிரி மெதுவாகச் சட்டைக்குள் போகிறது. அவ்வளவு பெரிய ஆளின் பயத்தை அந்த இரண்டு அங்குலத்தில் காட்டிவிட்டார்.

ஹூக்காக நடிக்கிறவரேதான், பீட்டரோடு பறந்து போகிற பிள்ளைகளின் அப்பா டார்லிங்காகவும் வர வேண்டும். 1904-லேயே ஜெரால்ட் டு மாரியர் இரண்டையும் செய்திருக்கிறார். ராத்திரி முழுக்க மூன்று வேடம் கட்டுகிற வாத்தியாருக்கு அது புதிதில்லை. ஆனால் டை கட்டத் தெரியாமல் மனைவியிடம் கோபித்துக்கொள்கிற டார்லிங்காக வாய் திறந்தால் துரியோதனன்தான் வந்தார். “வாத்தியாரே, வீட்ல அம்மாகிட்ட துண்டு எங்கேன்னு கேப்பீங்கல்ல, அப்படிக் கேளுங்க” என்றார் தம்பி. வாத்தியார் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் கேட்டார், பக்கத்தில் நிற்கிறவருக்கு மட்டும் கேட்கிற குரலில். நாற்பது வருடம் விடிய விடியச் சபைக்குக் குரல் கொடுத்தவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று நினைத்துப் பாருங்கள்.

சாயங்காலம் பாதிக் கூட்டம் கலைந்த பிறகு, மிச்சம் இருந்தவர்களை நானாவுக்குச் செய்து பார்க்கச் சொன்னார்கள். டார்லிங் வீட்டில் பிள்ளைகளைக் குளிப்பாட்டித் தூங்க வைக்கிற ஆயா ஒரு நாய், அதன் பெயர்தான் நானா. பேசக் கூடாது, கையால் பிடிக்கவும் கூடாது, ஒரு பையனை மருந்து குடிக்க வைக்க வேண்டும். எனக்கு இது பழகிய வேலை. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் குடற்புழு மாத்திரை கொடுக்கும்போது பிள்ளைகள் கடைவாயில் ஒதுக்கி வைத்துக்கொண்டு ‘முழுங்கிட்டேன்’ என்பார்கள். வாயைப் பார்த்தால் தெரியாது, தொண்டையைப் பார்க்க வேண்டும். நான் அந்தப் பையனின் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, டம்ளரைத் தலையால் அவன் பக்கம் நகர்த்திவிட்டு, அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தான். நான் அசையவில்லை. நிஜமாகவே தண்ணீரைக் குடித்துவிட்டான்.

புதன்கிழமை பட்டியல் வந்தது. பீட்டர், அந்தத் தெலுங்குப் பிள்ளை. ஹூக்கும் டார்லிங்கும், வாத்தியார். நானா, நான். ஒரு வரி வசனம்கூட இல்லை. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, வருத்தமாகத்தான் இருந்தது. காலையில் தம்பிக்குப் போன் செய்தேன். பாரி தான் வளர்த்த லூவாத் என்ற நாயை வைத்துத்தான் நானாவை எழுதினார் என்றும், முதல் நாடகத்தில் நானாவின் உடுப்பைக்கூட அந்த நாயைப் பார்த்தே தைத்தார்கள் என்றும் சொன்னார். “நீங்களும் ஒரு நாயைப் பாருங்கக்கா” என்றார்.

எங்கள் தெருவில் ஒரு செவலை இருக்கிறது. பத்து நாளாக அதைத்தான் பார்க்கிறேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரும் நேரத்துக்கு எழுந்து முனைக்குப் போகிறது. கடைசிப் பிள்ளை வீட்டுக்குள் நுழைகிற வரை உட்காருவதில்லை. இது எனக்கு இத்தனை வருடமும் கண்ணில் பட்டதே இல்லை.

இந்த நாடகத்தின் உரிமையை 1929-ல் லண்டனில் உள்ள குழந்தைகள் மருத்துவமனைக்கே பாரி எழுதிக் கொடுத்துவிட்டாராம். அதைக் கேட்டு எங்கள் குழுவும் வாசலில் உண்டியல் வைத்து, விழுகிற பணத்தைக் குழந்தைகள் வார்டுக்குக் கொடுக்க முடிவு செய்திருக்கிறது.

இப்போது ஞாயிறு தோறும் ஒத்திகை. நாலு காலில் கால் மணி நேரம் நடக்க வேண்டியிருக்கிறது, முட்டி இரண்டும் கன்றிப்போய்விட்டது. பழைய சேலையை மடித்துக் கட்டிப் பார்த்தேன், நழுவுகிறது. அனுமார் வேடமோ புலி வேடமோ கட்டிப் பழகியவர்கள் யாராவது இருந்தால், முட்டிக்கு என்ன கட்டுவீர்கள் என்று சொல்லுங்கள்.